நிறுத்தக் குறிகளும் நல்லுரையின் இயல்பும்

“ஐயா வந்தார்” என்பது ஒரு வாக்கியம். “ஐயா, வந்தார்” என்பதும் ஒரு வாக்கியமே. முன்னதில் வந்தவர் ஐயா. பின்னதில் வந்தவர் வேறொருவர். ஐயா அச்செய்தியைக் கேட்பவர். இரண்டிலும் சொற்கள் அவையே, எழுத்துகளும் அவையே. வேறுபாடு ஒரு சிறு காற்புள்ளியால் நேர்ந்தது. வாயால் சொல்லுங்கால் இவ்வேறுபாட்டைக் குரல் காட்டிவிடும். எழுத்துக்குக் குரல் இல்லை. குரல் செய்யும் பணியில் ஒரு பகுதியைத் தாளின்மீது செய்வதற்கு ஏற்பட்டவையே நிறுத்தக் குறிகள்.

இக்குறிகளைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. இவை மேனாட்டிலிருந்து வந்தவை. பண்டைத் தமிழர் இவையின்றியே சிறந்த நூல்களை இயற்றினர். ஆதலின் இவை நமக்குப் பெரிதும் வேண்டியவை அல்ல என்பர் ஒரு சாரார். குறிகளை நிறைய இட்டால் எழுத்து தானே தெளிவு பெறும் என்று எண்ணுவர் மற்றொரு சாரார். இரண்டிலும் பாதி உண்மையே உண்டு. தமிழ்மொழி தன் சொற்களுக்குள்ளேயே பல குறிகளை வைத்திருக்கிறது என்பது மெய். ஆயினும், நாம் படிக்கும் முறை மாறிவிட்டமையால் புறத்தே இடும் குறிகளும் இன்றியமையாதனவாயின. அவை நன்கு கட்டப்பட்ட வாக்கியத்துக்குத் துணை நிற்கும். கட்டுக் குலைந்த வாக்கியத்தைக் காப்பாற்றமாட்டா. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டில் குறி இல்லை

பனையோலைச் சுவடியைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அதில் வெளி இல்லை. காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. ஓலையின் ஓரம் வரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் அப்புள்ளியை இடாமலே எழுதிவந்தனர். எழுத்தாணியின் கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துபோகும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் வேறுபடுத்திய புள்ளியும் இவ்வாறே மறைந்தது. அதனால் ‘கொல்’ என்பதும் ‘கோல்’ என்பதும் ஏட்டில் ஒரே வடிவத்தில் நின்றன. எது வேண்டும் என்பதைப் படிப்பவரே இடம் நோக்கித் தெளிந்துகொள்ளவேண்டும். நெடிலுக்கு இன்று நாம் எழுதும் தனி வடிவத்தை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர்.

அங்ஙனமாயின், முன்னோர் இவ்வேடுகளை எவ்வாறு படித்தனர்? அவற்றுட் பெரும்பாலானவை செய்யுள் நூல்கள். செய்யுளுக்குச் சீரும் அடியும் உண்டு. எதுகையும் மோனையும் உண்டு. ஓர் அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஓசையே சொல்லிவிடும். மேலும், அக்காலத்தில் நூலை முதன்முதலாகக் கண்ணால் கற்பவர் சிலரே. ஆசிரியர் வாயிலாகப் பாடங் கேட்பதே வழக்கம். எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது, எதனோடு எதனைக் கூட்டுவது என்பவற்றை ஆசிரியரின் குரல் கற்பித்தது. ஏடு அதனை நினைவூட்டும் துணையாக இருந்தது.

உரைநடையிலும் அதற்கேற்ற வழியைக் கண்டிருந்தனர். பழைய உரையாசிரியர்கள் ஒரு பொருளைக் கூறி முடித்தவுடன் ‘என்றவாறு’ என்றோ, ‘என்க’ என்றோ எழுதினர். ‘இத்துடன் இக்கருத்து முடிந்தது’ என்று அறிவிக்கும் சொற்கள் அவை. இன்று முற்றுப்புள்ளி செய்யும் தொழிலை அன்று ஒரு சொல் செய்தது.

ஆசிரியர் மாணவர் தொடர்பு அறுந்துபோன நூல்களிலே இம்முறை தளர்ந்தது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) 1887இல் சீவகசிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். அவர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளைக் கையில் எடுத்தபோது, மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரையினுள் வரும் மேற்கோள் எதுவரையில் செல்கிறது என்பவற்றைத் தாமே ஆராய்ந்து காணவேண்டியிருந்தது. இன்று ஓர் இணை மேற்கோட்குறி நொடியிற் காட்டும் எல்லையை, அன்று பன்னூற் பயிற்சியும் நாட்கணக்கான உழைப்புமே காட்டின.

சொல்லுக்குள் அமைந்த குறிகள்

இனி, தமிழ் தன்னுள் வைத்திருக்கும் குறிகளைக் காண்போம். 

முதலாவது வினைமுற்று. தமிழ் உரைநடையில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்பது இயல்பு. ‘வந்து’ என்றால் இன்னும் செய்தி உண்டு. ‘வந்தான்’ என்றால் செய்தி முடிந்தது. முடிவைக் காட்டும் ஆற்றல் அச்சொல்லின் ஈற்றிலேயே இருக்கிறது.

இரண்டாவது ‘உம்’ என்னும் இடைச்சொல். “மாவும் பலாவும் வாழையும்” என்னும்போது ஒவ்வோர் ‘உம்’மும் ஒரு பொருளைப் பிரித்து எண்ணிக்காட்டுகிறது. ‘உம்’மை நீக்கினால்தான் அவ்விடத்தை நிரப்பக் காற்புள்ளி வேண்டும்: “மா, பலா, வாழை ஆகியவை.” இவ்விரு முறையையும் கலந்து, “மா, பலா மற்றும் வாழை” என்று எழுதும் வழக்கம் இக்காலத்தில் மிகுந்துள்ளது. இது ஆங்கில வாக்கியத்தின் நிழல். தமிழுக்கு ‘உம்’ இருக்க, ‘மற்றும்’ எதற்கு?

மூன்றாவது, வினாவைக் காட்டும் எழுத்துகள். ‘வந்தான்’ என்பதன் ஈற்றில் ‘ஆ’ சேர்ந்து ‘வந்தானா’ என்று ஆனவுடன் அது கேள்வியாகிவிடுகிறது. ‘அவனோ’ என்பதில் ஓகாரம் வினாவாக நிற்கும். யார், எது, ஏன் என்னும் சொற்களோ பிறவியிலேயே வினாப்பொருள் உடையவை.

நான்காவது ‘என்று’ என்னும் சொல். ஒருவர் கூற்று இங்கே முடிந்தது என்று அது அறிவிக்கும். மேற்கோளின் முடிவு எல்லையாக அது நிற்கிறது.

ஐந்தாவது, வல்லொற்று. “வேலை கொடுத்தான்” என்றால் பணி கொடுத்தான். “வேலைக் கொடுத்தான்” என்றால் வேற்படையைக் கொடுத்தான். “தந்த பலகை” என்பது ஒருவர் கொடுத்த பலகை. “தந்தப் பலகை” என்பது யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. ஓர் ஒற்று, சொற்களின் உறவையே மாற்றிக் காட்டுகிறது. ஒற்று மிகுதலை வெறும் இலக்கணத் தொல்லை என்று கருதும் மாணவர்கள் இதனை எண்ணிப்பார்க்கவேண்டும். பொருளைக் காக்கும் குறிகளுள் அதுவும் ஒன்று.

இவ்வளவும் சொல்லுக்குள்ளேயே இருப்பதனால்தான் தமிழ் பன்னூறு ஆண்டுகள் புறக்குறியின்றி வழங்க முடிந்தது.

புறக்குறிகள் வந்த வழி

மேனாட்டாரும் தொடக்கம் முதலே குறிகளுடன் எழுதியவர்கள் அல்லர். பழைய கிரேக்கரும் உரோமரும் சொற்களை இடைவெளியின்றியே பெரும்பாலும் எழுதினர். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியா நகரத்து நூலகத் தலைவராக விளங்கிய அரிசுடோபனீசு என்பார், வரியின் மேலும் நடுவிலும் கீழும் புள்ளியிட்டு, மூவகை நிறுத்தங்களைக் காட்டும் முறையை வகுத்தார். உரக்கப் படிப்பவருக்கு உதவுவதே அதன் நோக்கம். கி. பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்து நாட்டுத் துறவியர், தமக்குத் தாய்மொழி அல்லாத இலத்தீனை எளிதிற் படிப்பதற்காகச் சொற்களை இடைவெளி விட்டு எழுதலாயினர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ் என்பவருடைய நூல்களில் அரைப்புள்ளி இன்றைய வடிவத்தில் இடம்பெற்றது. அச்சுத்தொழில் பரவப் பரவக் குறிகளும் நிலைபெற்றன. ஆகவே, குறிகள் ஒரு நாட்டாரின் பிறவிச் சொத்து அல்ல. படிப்போர் பெருகிய இடங்களில், தேவை நோக்கி வளர்ந்த கருவிகள் என்பது தெளிவு.

அத்தேவை தமிழுக்கும் வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பின்னர், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அச்சும் உரைநடையும் வளர்ந்தன. ஆசிரியர் அருகில் இல்லாமலே ஒருவர் ஒரு நூலை வாங்கித் தனித்திருந்து வாய்திறவாமற் படிக்கும் நிலை ஏற்பட்டது. குரல் விலகிய இடத்தில் குறி வந்து நின்றது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இத்துறையில் நன்றியோடு நினைக்கத்தக்கவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட அவர் ஆங்கில உரைநடையின் அமைப்பையும் நன்கு அறிந்திருந்தார். வண்ணார்பண்ணையில் 1848இல் பாடசாலை நிறுவினார். அதனைத் தொடர்ந்து அச்சகமும் கண்டார். மாணவருக்குப் பாலபாடங்கள் எழுதினார். தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் குறிகளை ஒழுங்குற இட்டு வழிகாட்டினார்.

நம் பகுதியிலும் இத்தேவை உணரப்பட்டது. 1887இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழ் தோன்றியது. பிற்காலத்தில் மலாயாத் தோட்டப்புறங்களில், எழுத்தறிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, வேலை முடிந்து வந்தோர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கம் இருந்தது. அவ்வாறு படித்தவர் அவ்வாக்கியத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை உயர்த்துவது என்பதை அவருக்குக் காட்டியவை தாளில் இருந்த குறிகளே. ஒரு குறி தவறினால் படித்தவர் தடுமாறுவார்; கேட்டவர் அனைவரும் செய்தியைத் தவறாகவே வீட்டுக்குக் கொண்டுசெல்வர்.

ஒவ்வொரு குறிக்கும் உரிய பணி

கால், அரை, முக்கால், முற்று என்னும் பெயர்களே இக்குறிகளின் அளவைக் கூறுகின்றன. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று பள்ளிகளில் கற்பிப்பதுண்டு. படித்துப் பழகுவோருக்கு இது நல்ல கணக்கு. எழுதுவோரோ, நிறுத்தத்தின் அளவோடு கருத்தின் உறவையும் நோக்கவேண்டும்.

காற்புள்ளி, ஒரு வாக்கியத்தின் உறுப்புகளைப் பிரிப்பது. எண்ணி அடுக்கும் பெயர்களின் இடையிலும், விளித்த பெயரின் பின்னும், எனவே, ஆகவே, ஆனால் முதலிய இணைப்புச் சொற்களின் பின்னும், தொடர்ந்து வரும் வினையெச்சங்களின் பின்னும் இது வரும். “காலையில் எழுந்து, நீராடி, உணவு உண்டு, பள்ளிக்குச் சென்றான்” என்பது காண்க. எழுவாய்க்குப் பின் காரணமின்றி இதனை இடுதல் கூடாது. “கண்ணன், பள்ளிக்குச் சென்றான்” என்பதில் காற்புள்ளிக்கு வேலையே இல்லை.

அரைப்புள்ளி, முடிந்த வாக்கியங்கள் சில ஒரே கருத்தைச் சார்ந்து நிற்கும்போது அவற்றைப் பிரித்தும் சேர்த்தும் காட்டும். “அவர் நன்றாகப் பேசுவார்; ஆனால், எழுதமாட்டார்.” இவ்விடத்தில் முற்றுப்புள்ளி இட்டால் உறவு தளரும், காற்புள்ளி இட்டால் எல்லை மங்கும். இக்காலத்தில் பலரும் கைவிட்டுவருகின்ற குறி இது. கைவிட்டதனால் இழந்தது, இரு கருத்துகளின் நெருக்கத்தைக் காட்டும் ஒரு வழி.

முக்காற்புள்ளி, ‘இனி வருவது முன் சொன்னதன் விரிவு’ என்று கைகாட்டும். முற்றுப்புள்ளி, கருத்து முடிந்தமை காட்டும்.

வினாக்குறியை நேர் வினாவுக்கே இடவேண்டும். “அவன் ஏன் வரவில்லை?” என்பது வினா. “அவன் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை” என்பது வினாவன்று, செய்தி. இதன் ஈற்றில் முற்றுப்புள்ளியே வரும். ‘ஏன்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் வினாக்குறி இடுவது மாணவர்கள் பலர் செய்யும் பிழை.

உணர்ச்சிக்குறி ஒன்றே போதும். கைப்பேசிச் செய்திகளில் மூன்றும் நான்கும் அடுக்கி எழுதும் பழக்கம் கட்டுரைகளிலும் புகுந்துவருகிறது. சொல்லில் உணர்ச்சி இல்லாவிடின், பத்துக் குறி இட்டாலும் அது பிறவாது.

குறி பொருளைக் காக்கும் இடம்

“அழுதுகொண்டே ஓடிய குழந்தையைத் தாய் தூக்கினாள்.” அழுதது யார்? இவ்வாறு எழுதினால் அழுதது குழந்தை. “அழுதுகொண்டே, ஓடிய குழந்தையைத் தாய் தூக்கினாள்” என்று எழுதினால் அழுதவள் தாய். காற்புள்ளி, கண்ணீரை ஒருவர் கண்ணிலிருந்து மற்றொருவர் கண்ணுக்கு மாற்றிவிட்டது!

இதனினும் பெரிய செய்திகள் குறியைச் சார்ந்து நிற்பதுண்டு. ஒரு மன்றத்தின் கூட்டக் குறிப்பைப் பொருளாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில், “நான் 500 வெள்ளியைப் பெற்றுக்கொண்டேன் என்று செயலாளர் சொன்னார்” என்று இருக்கிறது. பணத்தைப் பெற்றவர் யார்? ‘நான்’ என்பது குறிப்பை எழுதிய பொருளாளரா, பேசிய செயலாளரா? சில திங்கள் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது இக்குறிப்பைக் கொண்டே இருவரும் வழக்காடலாம். ‘நான்’ என்பது முதல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பது வரையில் மேற்கோட்குறிக்குள் இருந்திருந்தால், பெற்றவர் செயலாளர் என்பதில் ஐயமே எழாது. ‘என்று’ என்னும் சொல் கூற்றின் முடிவை மட்டுமே காட்டும், தொடக்கத்தைக் காட்டாது. தொடக்கத்தைக் காட்டுவது மேற்கோட்குறி. மொழிக்குள் இருக்கும் குறியும் புறக்குறியும் ஒன்றையொன்று நிரப்புகின்ற இடம் இது.

இதே கருத்தைக் குறியின்றியும் தெளிவாகச் சொல்ல நம் மொழியில் வழி உண்டு. “தாம் 500 வெள்ளியைப் பெற்றுக்கொண்டதாகச் செயலாளர் சொன்னார்” என்றால் பெற்றவர் செயலாளர். “நான் 500 வெள்ளியைப் பெற்றுக்கொண்டதாகச் செயலாளர் சொன்னார்” என்றால் பெற்றவர் குறிப்பை எழுதிய பொருளாளர். தான், தாம் என்னும் சொற்களைச் சரியாக ஆளத் தெரிந்தவருக்குப் பாதி ஐயம் எழாமலே போய்விடும்.

குறி கைவிடும் இடம்

நிற்க. எல்லா இடத்திலும் குறி உதவும் என்று எண்ணிவிடலாகாது. “என் வீட்டை அண்ணன் மகனுக்கும் மகளுக்கும் எழுதிவைக்கிறேன்” என்று ஒருவர் உயிலில் எழுதுகிறார். யாருடைய மகளுக்கு? அண்ணன் மகளுக்கா, தம் மகளுக்கா? ‘மகனுக்கும்’ என்பதன்பின் காற்புள்ளி இட்டுப் பாருங்கள். ஐயம் அப்படியே நிற்கும். இங்கே குறை குறியில் இல்லை; சொற்களின் வரிசையில் இருக்கிறது. “என் மகளுக்கும் என் அண்ணன் மகனுக்கும்” என்று மாற்றினால் எந்தக் குறியும் வேண்டாமலே பொருள் விளங்கும். எழுதியவர் மறைந்தபின் அவரைக் கேட்டுத் தெளிய இயலாது. ஒரு சொல்லை இடம் மாற்றி வையாமையால் ஒரு குடும்பம் நீதிமன்றத்தின் படியேற நேரலாம்.

மற்றொரு வகைக் குறை, அடைமொழிகளின் சுமை. தமிழில் பெயரைச் சிறப்பிக்கும் தொடர்கள் எல்லாம் அப்பெயருக்கு முன்னரே வரும். முடிக்கும் வினை கடைசியில் வரும். ஆகவே, வாக்கியம் நீண்டால் படிப்பவர் அத்தனையையும் மனத்தில் தாங்கிக்கொண்டு இறுதிவரை நடக்கவேண்டும். கீழ்வரும் வாக்கியத்தைக் காண்க:

“நேற்று மாலை பெய்த பெருமழையால் வெள்ளம் புகுந்த கம்பத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பள்ளி மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த மக்களுக்கு உணவு வழங்கச் சென்ற இளைஞர் மன்றத்தினர் பயணம் செய்த வண்டி பழுதடைந்ததால் உணவு தாமதமாகச் சென்றது.”

இலக்கணப் பிழை இதில் இல்லை. ஐந்தாறு காற்புள்ளிகளை இடையிடையே தூவினாலும் படிப்பவர் மூச்சு வாங்குவது குறையாது. இதனையே பின்வருமாறு எழுதலாம்:

“நேற்று மாலை பெருமழை பெய்தது. கம்பத்தில் வெள்ளம் புகுந்தமையால், மக்கள் பள்ளி மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டனர். இளைஞர் மன்றத்தினர் அவர்களுக்கு உணவு கொண்டு சென்றனர். வழியில் வண்டி பழுதடைந்தது. அதனால் உணவு தாமதமாகவே கிடைத்தது.”

செய்தி ஒன்றும் குறையவில்லை. நிகழ்ந்த முறையிலேயே செய்தி நடக்கிறது. குறிகளும் தத்தம் இடத்தில் தாமே வந்து அமர்ந்துவிட்டன. வாக்கியத்தைச் செப்பமுறக் கட்டினால் குறி இடும் இடம் தானாகவே புலப்படும். குறியை எங்கே இடுவது என்று ஒருவர் நெடுநேரம் திகைப்பாராயின், அவ்வாக்கியத்தைப் பிரித்து மறுபடியும் கட்டவேண்டும் என்பதே அதற்குப் பொருள்.

நல்லுரையின் இயல்புகள்

நல்ல எழுத்து எது என்பதை நம் முன்னோர் ஆராயாமல் விடவில்லை. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுத்துக் காட்டுகிறது. நூலுக்குச் சொன்ன அவ்விதிகளுட் பல, நாம் எழுதும் கட்டுரைக்கும் கடிதத்துக்கும் அறிவிப்புக்கும் பொருந்துவன.

அழகுகளுள் ஒன்று, சுருங்கச் சொல்லல். குற்றங்களுள் ஒன்று, குன்றக் கூறல். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணவேண்டும். சுருக்கம் என்பது வேண்டாததை நீக்குவது. வேண்டியதையும் நீக்கினால் அது குன்றக் கூறலாகிவிடும். மருந்துப் பொட்டலத்தின்மேல், “காலையில் சாப்பிட்டபின் இரவில் ஒரு மாத்திரை” என்று எழுதியிருந்தால் முதியவர் ஒருவர் என்ன செய்வார்? நாளைக்கு ஒன்றா, இரண்டா? “காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரை, இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரை” என்பது சற்று நீளம். சொற்களும் திரும்ப வருகின்றன. ஆயினும் இதுவே நல்லுரை. பொருளுக்கு வேண்டித் திரும்ப வரும் சொல் ‘கூறியது கூறல்’ என்னும் குற்றம் ஆகாது.

அடுத்தது, விளங்க வைத்தல். இதற்கு எதிரானது, மயங்க வைத்தல் என்னும் குற்றம். மேலே கண்ட உயிலும் கூட்டக் குறிப்பும் இக்குற்றத்தின்பாற் படுவன. எழுதியவருக்குத் தம் கருத்துத் தெரியும். ஆதலால் தம் வாக்கியத்தில் உள்ள மயக்கம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. படிப்பவர் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பவருக்கே அது புலனாகும்.

மூன்றாவது, முறைப்பட வைத்தல். எதை முன்னே சொன்னால் பின்வருவது எளிதில் விளங்குமோ அதனை முன்னே வைத்தல் வேண்டும். பத்தி பிரிப்பதும் இம்முறையைச் சார்ந்ததே. பத்தி என்பது ஒரு பெரிய நிறுத்தக் குறி. ‘ஒரு கருத்து முடிந்து வேறொரு கருத்துத் தொடங்குகிறது’ என்பதை அந்த வெற்றிடம் கூறுகிறது.

நான்காவது, ஓசை உடைமை. இது செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. திரு. வி. கலியாணசுந்தரனார் (1883–1953) 1917இல் ‘தேசபக்தன்’ நாளிதழையும், 1920 முதல் ‘நவசக்தி’யையும் நடத்தியபோது, சிறு சிறு வாக்கியங்களால் ஆகிய மிடுக்கான நடை ஒன்றைச் செய்தித்தாளுக்கு அளித்தார். அவருடைய வாக்கியங்களை உரக்கப் படித்தால் நாக்கு எங்கும் தடுக்காது. எனினும், எல்லா வாக்கியங்களையும் ஒரே அளவில் நறுக்கிவிடுதலும் நடையைக் கெடுக்கும். நிகழ்ச்சியைச் சொல்லச் சிறு வாக்கியம் ஏற்றது. காரணமும் காரியமும் பிணைந்த கருத்தைச் சொல்லச் சற்று நீண்ட வாக்கியமே வேண்டும். அவ்விடத்தில்தான் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் தம் முழுப் பயனையும் தருகின்றன.

எழுதுவோர் செய்யத்தக்கன

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் பிள்ளைகள் தமிழோடு மலாயையோ ஆங்கிலத்தையோ, இரண்டையுமோ கற்கின்றனர். அம்மொழிகளின் வாக்கிய அமைப்பு வேறு. ஆனால், குறிகளின் வடிவம் ஒன்றே. ஆதலின், அங்கே குறி இடும் பழக்கத்தை இங்கேயும் அப்படியே கொண்டுவருவது அவர்களுக்கு எளிது. வடிவம் ஒன்றாயினும் வேலை வேறு என்பதை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டவேண்டும். குறிகளின் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதைக் காட்டிலும், “ஐயா வந்தார்”, “ஐயா, வந்தார்” போன்ற இணைகளைக் கரும்பலகையில் எழுதி, பொருள் வேறுபாட்டைப் பிள்ளைகளையே சொல்லச் செய்வது மிகுந்த பயன் தரும்.

எழுதி முடித்தபின் கட்டுரையை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கவேண்டும். இயலுமாயின், அப்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். அவர் எங்கே நின்று பின்னோக்கிச் சென்று மறுபடியும் படிக்கிறாரோ, அங்கே பழுது உண்டு. அதனைத் திருத்துவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில், சொற்களை இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். அதனாலும் தெளியாவிடின், வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும். அதன்பின், வேண்டுமிடத்தில் குறி இடவேண்டும். இறுதியில், இட்ட குறிகள் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படிக்கவேண்டும். எடுத்ததால் பொருள் மாறவும் இல்லை, ஓசை கெடவும் இல்லை என்றால், அக்குறி அவ்விடத்துக்கு வேண்டாதது.

பேசுபவர் எதிரில் இருந்தால், விளங்காத இடத்தில் அவரை நிறுத்தி, “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்கலாம். எழுத்தைப் படிப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. உயிலைப் படிக்கும் மகளும், மருந்துப் பொட்டலத்தைப் படிக்கும் முதியவரும், கணக்கைப் படிக்கும் மன்ற உறுப்பினரும் தாளில் உள்ளதையே நம்பி நடக்கவேண்டியவர்கள். அவர்கள் கேட்கக்கூடிய கேள்வியை முன்னரே எண்ணிப் பார்த்து, அதற்குரிய விடையைச் சொல்லிலும் வரிசையிலும் குறியிலும் அமைத்து வைப்பதே எழுதுவோரின் கடமையாகும்.